கெடாவின் கணக்கைப் படம் போட ஆள் தேவை

செம்பனைத் தோட்டத்தில் கன்றுகளைச் சதுரக் கட்டமாக நடுவதில்லை, முக்கோணமாகத்தான் நடுவார்கள். கன்றுக்குக் கன்று 9 மீட்டர். பக்கத்தில் நிற்கும் எந்தக் கன்றுக்கு அளந்தாலும் அதே 9 மீட்டர்தான். இதே இடைவெளியில் சதுரமாக நட்டிருந்தால் ஒரு ஹெக்டேரில் 123 மரம் நிற்கும். முக்கோணத்தில் ஏறத்தாழ 143 நிற்கிறது. நிலம் கூடவில்லை, மரத்துக்கு மரம் இருக்கவேண்டிய இடைவெளியும் குறையவில்லை. 20 மரம் மட்டும் கூடிவிட்டது. பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில், பாலிங் பக்கங்களில் பள்ளி வேனில் போய்வரும் பிள்ளைகள் தினமும் இந்தக் கணக்கின் நடுவில்தான் பயணம் செய்கிறார்கள். சன்னல் வழியே தெரிவது கணக்கு என்று அவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் குறைவு.

காட்டுவதில் ஒரு சிரமமும் இல்லை. ஒரு தட்டும் ஒரு பிடி 20 சென் காசும் போதும். ஒரு காசை நடுவில் வைத்து, அதைத் தொட்டுக்கொண்டு சுற்றிலும் எத்தனை காசு வைக்கலாம் என்று கேட்டால் ஆண்டு 2 பிள்ளைகூட வைத்துப் பார்த்துவிடும். ஆறு. ஐந்து வைத்தால் சந்து விழும்; ஏழாவதற்கு இடம் கிடையாது. 10 சென் காசுக்கு மாறினாலும் ஆறுதான். போத்தல் மூடியை அடுக்கினாலும் ஆறுதான். “ஏன் எப்போதும் ஆறு?” என்று பிள்ளையே கேட்டுவிட்டால் ஆசிரியரின் வேலையில் பாதி முடிந்தது. அடுத்து அதே தட்டைச் சதுரமாக அடுக்கச் சொல்லி, மீண்டும் முக்கோணமாக அடுக்கச் சொல்லி, இரண்டையும் எண்ணச் சொன்னால், தோட்டத்துக்காரர்கள் ஏன் முக்கோணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பிள்ளையே ஆசிரியருக்கு விளக்கும்.

இந்தப் பத்து நிமிட வேலை பெரும்பாலான வகுப்புகளில் நடப்பதில்லை. நடப்பது பயிற்சி நூல். பரப்பளவு என்றால் நீளம் பெருக்கல் அகலம். கீழே பதினைந்து கேள்விகள். அடுத்த பக்கத்தில் இன்னும் பதினைந்து. முடித்தவருக்கு நட்சத்திரம், முடிக்காதவருக்கு வீட்டுப்பாடம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் இதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது. அந்தத் தேர்வு 2021இல் ரத்தாகிவிட்டது. தேர்வு போனது, தேர்வுக்காகப் பிறந்த பழக்கம் போகவில்லை. பெற்றோர் இன்னமும் புத்தகக் கடையில் தடித்த பயிற்சி நூலாகப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

விளைவு எப்படி இருக்கிறது? நாடு முழுவதற்குமான எண்களைப் பார்த்தாலே போதும். அனைத்துலக டிம்ஸ் ஆய்வில் படிவம் 2 மாணவர்களின் கணித மதிப்பெண் 1999இல் 519 ஆக இருந்தது, 2011இல் 440க்கு இறங்கியது, 2023இல் 411. பதினைந்து வயதினரை அளக்கும் பீசா ஆய்வில் 2022இல் மலேசியா பெற்றது 409, சிங்கப்பூர் 575. அந்த ஆய்வில் கணிதத்தின் அடிப்படை நிலையையே எட்டாத மலேசிய மாணவர்கள் நூற்றுக்கு 59 பேர். இவை தமிழ்ப்பள்ளிகளுக்கென்று தனியாக எடுத்த எண்கள் அல்ல. ஆனால் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளையும் இடைநிலைப்பள்ளிக்குப் போய் இந்த வரிசையில்தான் உட்காருகிறது. பயிற்சி நூல் மலைபோல் குவிந்த ஆண்டுகளில்தான் இந்தச் சரிவு நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த நிலைமையைப் பார்த்து, கணிதத்தை ‘மகிழ்ச்சியாக’ ஆக்கவேண்டும் என்று எல்லாரும் பேசுகிறார்கள். பேசுவதோடு நிற்காமல் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள், வாய்பாட்டுக்கு மெட்டுப் போடுகிறார்கள், கைப்பேசிச் செயலியில் எண்களுக்குக் கண்ணும் மூக்கும் வைக்கிறார்கள். இதெல்லாம் குற்றமில்லை. ஆனால் பிள்ளைக்கு வரும் மகிழ்ச்சி வண்ணத்திலிருந்து வந்ததா, கணக்கிலிருந்து வந்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. வண்ணத்திலிருந்து வந்திருந்தால், வண்ணம் மங்கும்போது அதுவும் போய்விடும்.

ஆய்வுகளும் இங்கே எச்சரிக்கை செய்கின்றன. 2009இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், பணம் பற்றிய கணக்குகளைச் செய்யும் பிள்ளைகளில் சிலருக்கு அசல் போலவே அச்சிட்ட நோட்டும் காசும் தரப்பட்டன. அவற்றை வைத்துச் செய்த பிள்ளைகள், ஒன்றும் இல்லாமல் செய்தவர்களைவிட அதிகம் தவறு செய்தார்கள். கவனம் கணக்கில் நிற்காமல் காசின் அழகுக்குப் போய்விட்டது. அதேசமயம் கணக்கைப் புரிந்துகொள்வதிலேயே ஏற்படும் தவறுகள் அவர்களிடம் குறைவாக இருந்தன என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. 2013இல் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கைப்பொருள் வைத்துக் கற்பித்தால் வெறும் குறியீடுகளை வைத்துக் கற்பிப்பதைவிடப் பலன் உண்டு, ஆனால் அந்தப் பலன் எங்கும் ஒரே அளவாக இல்லை, ஆசிரியரின் வழிகாட்டுதலைப் பொறுத்துக் கூடிக் குறைகிறது என்றார்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை மேசையில் கொட்டிவிட்டு ஆசிரியர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால் குச்சிகள் கணிதம் கற்றுத் தராது.

படப் புத்தகத்துக்கும் இதே அளவுகோல்தான். ஜப்பானிய ஓவியர் மிட்சுமாசா அன்னோ 1975இல் வெளியிட்ட எண்ணல் புத்தகத்தில் சொற்களே கிடையாது. முதல் படம் பூச்சியம்: பனி மூடிய வெற்று நிலம், ஓர் ஆறு, வேறொன்றும் இல்லை. அடுத்த பக்கத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒரு வீடு, ஒரு மரம், ஒரு பாலம். பக்கம் புரளப் புரள ஊர் வளர்கிறது, பருவம் மாறுகிறது, 12 வரைக்கும் போகிறது. எண்ணு என்று புத்தகம் ஓரிடத்திலும் கட்டளையிடுவதில்லை. பிள்ளை தானாக எண்ணுகிறது. அன்னோவுக்கு 1984இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது.

அதே புத்தகத்தைக் கெடாவில் வரைந்தால் பூச்சியப் பக்கத்துக்குப் பனி தேவைப்படாது. மூடா சமவெளியில் நடவுக்கு முன்பு தண்ணீர் நிறைந்து நிற்கும் வயலே போதும். தொலைவில் ஜெராய் மலை. அடுத்த பக்கத்தில் ஒரு கொக்கு, ஒரு டிராக்டர், வரப்பில் ஒரு மோட்டார் சைக்கிள். வார நாள்களை வரைவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கோலாலம்பூரில் அச்சாகும் புத்தகம் ஞாயிற்றுக்கிழமைக்கு விடுமுறைப் படம் போடும். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு காலையில் பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு நிற்கிறது. சுங்கை பட்டாணியில் ஆண்டு 1 படிக்கும் பிள்ளைக்கு அந்தப் படம் வேறு ஊர்க் கதை. சின்ன விஷயந்தான். ஆனால் புத்தகத்தில் இருப்பது தன் உலகமா, பிறர் உலகமா என்பதைப் பிள்ளை இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் முடிவு செய்கிறது.

கணக்குக் கதை வீட்டுக்குள் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. சிகாகோ பகுதியில் முதலாம் வகுப்பில் படித்த 587 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2015இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு செயலியில் குட்டிக் கதையைப் படித்து, அதிலுள்ள கணக்கைப் பேசிப் பார்க்கவேண்டும். அவ்வளவே. அப்படிச் செய்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டு முடிவில் கணிதத்தில் முன்னேறியிருந்தார்கள். அதிகம் பயன்பெற்றவர்கள், கணக்கென்றாலே அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகள். “எனக்குக் கணக்கு வராது, பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது” என்று டியூஷன் நிலையத்தைத் தேடும் அம்மாக்களும் அப்பாக்களும் இதைப் படித்துப் பார்க்கலாம்.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று கைவிரிக்கவும் முடியாது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ இதழைச் சிறுவர்களுக்காக நடத்திவருகிறது. பெங்களூருவில் இயங்கும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் எண், வடிவம், அளவு பற்றிய படக்கதைகள் தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றை எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், மாற்றி எழுதவும் செய்யலாம். உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. சென்னையின் தாரா புக்ஸ் 2003இல் ‘ஒன், டூ, ட்ரீ!’ என்ற எண்ணல் புத்தகத்தைக் கோண்டு பழங்குடி ஓவியர் துர்காபாயின் படங்களோடு வெளியிட்டது. ஊர்க் கலைஞர் கையால் கணக்குப் புத்தகம் வரும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

செய்முறைக்கு அரவிந்த் குப்தாவைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. டாட்டா நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர், 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். வாரச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணம், சதுரம், கனசதுரம் என்று கட்டிக் காட்டினார். சதுரத்தை விரலால் அழுத்தினால் சாய்ந்துபோகும், முக்கோணம் அசையாது. பாலத்திலும் கூரையிலும் ஏன் முக்கோணம் இருக்கிறது என்பதை ஐந்து வயதுப் பிள்ளை விரல் நுனியில் தெரிந்துகொள்கிறது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. வால்வு டியூபுக்கு வேண்டிய ரப்பரைத் தலைமுறை தலைமுறையாகச் சீவித் தந்த ஊர்களில் அந்தத் தீக்குச்சிக் கணிதம் அதிகம் பரவாமல் இருப்பது நியாயமில்லை.

பால்மரத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒட்டுக்கட்டிய மரத்தில் வெட்டு 30 பாகைச் சரிவில் இறங்கவேண்டும் என்பது சீவுபவர்களின் பழைய பாடம். கோணமானியை முதன்முதலாகத் தொடும் பிள்ளைக்கு வேறென்ன உதாரணம் வேண்டும்? நூற்றுவீதத்துக்கு ஸ்டோரில் பால் நிறுத்த கதை இருக்கிறது. 20 கிலோ பாலில் உலர் ரப்பர் 30 விழுக்காடு என்றால் கைக்கு வருவது 6 கிலோ. யாரோ 4 கிலோ தண்ணீரைக் கலந்தால் எடை 24 ஆகும். ரப்பர் அதே 6 கிலோதான். மெட்ரோலாக் கருவி 25 விழுக்காட்டைக் காட்டிக்கொடுக்கும். பாட்டிமார் இதை வாளியைத் தூக்கிப் பார்த்தே சொல்லுவார்கள். ஒரு பக்கத்தில் மூன்று வாளிகளை வரைந்து, எந்த வாளியில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கேட்டால் அதுவே ஒரு துப்பறியும் கதை ஆகிவிடும்.

செம்பனைக்குத் திரும்பினால் இன்னும் அழகான கணக்கு காத்திருக்கிறது. மரத்துக்கு உரம் போதுமா என்று பார்க்கத் தோட்டங்களில் 17ஆவது மட்டையை வெட்டிச் சோதனைக்கு அனுப்புவார்கள். உச்சியில் முழுதாக விரிந்த இளம் மட்டை 1. அதிலிருந்து எண்ணி 17. ஏறிப்போய் ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. மட்டைகள் சுருள் சுருளாக இறங்குகின்றன. ஒரே சுருளில் முதல் மட்டைக்குக் கீழே நிற்பது 9ஆவது, அதற்குக் கீழே 17ஆவது, அதற்கும் கீழே 25ஆவது. எட்டெட்டாகத் தாவும் எண்வரிசை. ஒரு பக்கமாகச் சுற்றும் சுருள்கள் 8. எதிர்ப்பக்கமாகச் சுற்றுபவை 5 அல்லது 13. 5, 8, 13. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வருகிறது. மேற்கில் ஃபிபனாச்சி பெயரால் வழங்கும் இந்த வரிசையை அவருக்கு முன்பே ஹேமச்சந்திரர் போன்ற இந்திய யாப்பிலக்கண அறிஞர்கள் குறில் நெடில் அடுக்குகளை எண்ணும்போது கண்டிருக்கிறார்கள். மரமேற முடியாத பிள்ளைக்கு அன்னாசிப்பழம் இருக்கிறது. பழத்தின் கண்களைப் பேனாவால் கோடிட்டு எண்ணினால் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13. எண்ணி முடித்ததும் வெட்டிச் சாப்பிடலாம்.

தோட்டம் என்று பேசிக்கொண்டே இருந்தால் போதாது என்பவர்கள் சொல்வதும் சரி. கெடா இந்தியர்களில் பலர் தோட்டத்தை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டார்கள். சுங்கை பட்டாணி தாமான்களிலும் கூலிமிலும் லூனாசிலும் வளரும் பிள்ளைக்கு மங்கும் தெரியாது, ஒட்டுப்பாலும் தெரியாது. அவர்களுக்கான கணக்கு கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் கிடக்கிறது. அங்கே இன்ஃபினியன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் திறந்த ஆலையில் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடுகளில் சில்லுகள் செய்கிறார்கள். தகடு வட்டம், சில்லுகளைக் கட்டம் கட்டமாக வெட்டி எடுக்கவேண்டும். அப்படியானால் ஓரத்தில் எவ்வளவு வீணாகும்?

இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவரலாம். அட்டையில் 20 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம். 2 செ.மீ. சதுரங்களைக் கட்டமாக அடுக்கவேண்டும். பரப்பளவை வகுத்துப் பார்த்தால் 78 சதுரம் வரவேண்டும். நாலு கட்டங்கள் சந்திக்கும் முனையை வட்டத்தின் மையத்தில் வைத்து அடுக்கிப் பார்த்தால் முழுச் சதுரங்கள் 60தான். அதே கட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தி, ஒரு சதுரத்தின் நடு வட்டத்தின் மையத்தில் விழுமாறு வைத்தால் 61. அந்த ஒரு சதுரம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். அப்பாவோ அம்மாவோ இரவு ஷிப்டில் செய்யும் வேலைக்கும் இந்த அட்டைக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்தால் சண்டை இன்னும் சூடுபிடிக்கும்.

பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். 2008 ஏப்ரல் 1 முதல் கடை ரசீதின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்குகிறார்கள்; ஒரு மாத ரசீதுகளைச் சேர்த்துவைத்து, லாபம் கடைக்கா வீட்டுக்கா என்று பிள்ளைகள் கணக்குப் பார்க்கலாம். 1880களில் கெடாவின் முதலமைச்சர் வான் முகமட் சமான் அலோர்ஸ்டாரிலிருந்து குரூண் பக்கம் வரை ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டியபோது, இரவில் தீப்பந்தங்களைக் கொளுத்தி வரிசை பார்த்தே கோட்டை நேராக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. மூன்று குச்சி இருந்தால் பள்ளித் திடலிலேயே அதைச் செய்து பார்க்கலாம். வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரைச் சார்ந்தவர்களும் கணினி அறிவியலுக்கே ஆய்வுப்பொருளாக்கினார்கள். காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ என்ற பழைய கணித நூல், பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்கிறது. இந்தச் சூத்திரம் எல்லாப் பழத்துக்கும் பொருந்தும் என்று நம்பவேண்டாம். பொருந்துகிறதா என்று சோதிப்பதுதான் பாடம். எத்தனை பழம் அறுத்தால் நம்பலாம், எத்தனை தப்பினால் கைவிடலாம் என்று பேசும்போது பிள்ளைகள் புள்ளியியலின் வாசலுக்கே வந்துவிடுகிறார்கள். ‘தமிழன் அன்றே கண்டான்’ என்று மேடையில் முழங்குவதைவிட, ஒரு பழத்தை அறுத்து எண்ணிப் பார்ப்பது காரி நாயனாருக்குச் செய்யும் நல்ல மரியாதை.

இதையெல்லாம் எங்கே தொடங்குவது? பலரும் குறையாக நினைக்கும் இடத்தில்தான் தொடங்கவேண்டும். கெடாவில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரில் மட்டும் மூன்று பிரிவுகளுக்கும் ஒவ்வொரு பள்ளி என்று இருந்தன. மாணவர் எண்ணிக்கை 150க்குக் குறைந்த பள்ளிகளை அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்துகிறது. தோட்டப்புறப் பள்ளிகள் பல இந்தப் பட்டியலில் உள்ளவை. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களைச் சேர்த்துக் கூட்டு வகுப்பு நடத்துகிறார்கள். பெற்றோருக்கு இது கவலை. ஆனால் செய்முறைக் கணிதத்துக்கு இதைவிட வசதியான வகுப்பு கிடைக்காது. நாற்பது பேர் உள்ள நகர வகுப்பில் அன்னாசிப்பழத்தைச் சுற்றி எத்தனை பேர் நிற்க முடியும்? எட்டுப் பேர் உள்ள தோட்டப் பள்ளியில் எல்லாரும் நிற்கலாம். ஆண்டு 3 பிள்ளை எண்ணுவதை ஆண்டு 2 பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நீண்ட பரிசோதனை நடந்திருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் முயற்சியில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலி அமைப்பு, பல வயதினர் ஒன்றாக அமரும் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையிலிருந்து அது பிறந்தது. தரையில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் போகலாம். 2007க்குப் பின் மாநிலம் முழுவதும் பரவியது. பரவியபோதே சில இடங்களில் அட்டையைப் புரட்டுவதே சடங்காகவும் ஆனது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற பெயரில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் மீண்டும் ஆடல், பாடல், கைப்பொருள் என்று புதிய திட்டம் வந்திருக்கிறது. அங்கே கற்றுக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. மேலிருந்து அச்சிட்டு இறக்கிய அட்டையைவிட, ஆசிரியரே தன் ஊருக்கேற்றபடி செய்த பொருள் வகுப்பில் அதிகம் பேசும்.

மொழிச் சண்டையை இங்கே நீட்டத் தேவையில்லை. 2003இல் கணிதம் ஆங்கிலத்துக்கு மாறியது. 2009இல் அதைக் கைவிட முடிவெடுத்து, 2012 முதல் தாய்மொழிக்குத் திரும்பினார்கள். 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. இத்தனை திருப்பங்களிலும் பேச்சு பாட நூலின் மொழியைப் பற்றித்தான் இருந்தது. பிள்ளை எந்த மொழியில் ‘ஏன்’ என்று கேட்கிறது என்பதைப் பற்றி இல்லை. ஆறு காசுக்கு நடுவில் ஒரு காசை வைத்துப் பார்த்த பிள்ளை வீட்டு மொழியில்தான் கேட்கும். அந்தக் கேள்விக்குத் தமிழில் பேசும் ஒரு படப் புத்தகம் கையில் இருக்கவேண்டும்.

அதை எழுத ஆள் இல்லையா? இருக்கிறார்கள். சுங்கை பட்டாணியின் எழுத்தாளர் கே. பாலமுருகன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சிறுவர்களுக்கு மர்ம நாவல்கள் எழுதியவர். பிள்ளைகள் அவற்றை ஆர்வமாகப் படித்ததை மலேசியத் தமிழ் உலகம் அறியும். கதையில் முடிச்சுப் போடத் தெரிந்தவர்களுக்குக் கணக்கில் முடிச்சுப் போடுவது எட்டாத வேலை அல்ல. வரையத் தெரிந்த ஆசிரியர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவராவது இருப்பார்கள். ஆண்டுவிழா மேடைப் பின்திரைகளைப் பார்த்தாலே தெரியும். பீடோங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள பொறியியல் மாணவர்கள் விடுமுறையில் இரண்டு தோட்டப் பள்ளிகளுக்குப் போய் இந்தச் சோதனைகளைப் பிள்ளைகளோடு செய்து பார்த்தால், எது வேலை செய்கிறது, எது சொதப்புகிறது என்று தெரிந்துவிடும்.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் தன்முனைப்பு உரை, தேர்வு வழிகாட்டிக் கருத்தரங்கு, பயிற்சிப் பட்டறை என்று ஆண்டுதோறும் செலவு செய்கின்றன. பேச்சாளர் வந்து ‘உன்னால் முடியும்’ என்று இரண்டு மணி நேரம் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் செலவில் ஓர் ஆண்டு, ஒரே ஓர் ஆண்டு, ஒரு கணக்குப் படப் புத்தகத்துக்கு மாறட்டும். 24 பக்கம் போதும். உயர்ந்த தாளும் வேண்டாம், வெளியீட்டு விழாவும் வேண்டாம், மாலை மரியாதையும் வேண்டாம்.

2027 முதல் ஆண்டு 1க்குப் புதிய கலைத்திட்டம் என்று கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. புதிய பாட நூல் வரும். அதன் பின்னாலேயே புதிய பயிற்சி நூல்களும் லாரி லாரியாக வரும். அந்த லாரிகளுக்கு முன்னால் கெடாவின் தலைமையாசிரியர்கள் நாலைந்து பேராவது கூடி, ஓர் எழுத்தாளரையும் ஓர் ஓவியரையும் உட்காரவைத்து, முதல் புத்தகத்தை முடிவு செய்யவேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று தயக்கம் வந்தால், தண்ணீர் நிற்கும் வயலை முதல் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பக்கங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்கள் ஆண்டு 2 பிள்ளைகளையே கேளுங்கள்.